குற்றம் ஒன்றையாவது சொல்லுங்கள், ஐயா!

ஆபீஸில் மெமோ வாங்கியவர்களுக்குத் தெரியும். மெமோ பரவாயில்லை, அதற்குப் பின்னால் வருகிற என்கொயரிதான் பேஜார். அதிலும் புகார் கொடுத்தவரே என்கொயரி ஆபீசராக வந்து உட்கார்ந்து, குறுக்கு விசாரணையும் அவரே செய்து, கடைசியில் தீர்ப்பையும் அவரே வாசித்தால் எப்படி இருக்கும்? 'ஐயா, என் மேல் என்ன சார்ஜ்?' என்று கேட்டதற்கு, 'அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், நீங்கள் போகலாம்' என்று பதில் வந்தால்?

கற்பனை இல்லை, சாமி. இப்படி ஒரு என்கொயரி நிஜமாகவே நடந்தது. தேதி: 1637 நவம்பர் 7, 8. இடம்: அமெரிக்காவில், பாஸ்டன் நகருக்கு எதிரே சார்லஸ் நதியின் அக்கரையில் இருந்த நியூடவுன் என்கிற சின்ன ஊர். இன்றைக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகம் இருக்கிறதே கேம்பிரிட்ஜ், அதேதான்.

குளிர் காயக் கணப்பு கூட இல்லாத ஒரு மரக் கட்டடம். உள்ளே சுமார் நாற்பது ஆண்கள் - கவர்னர், மாஜிஸ்ட்ரேட்டுகள், ஊர்ப் பிரதிநிதிகள். சாட்சி சொல்லப் பாதிரியார்கள் வேறு. எதிரே ஒற்றை ஆளாக ஒரு பெண்மணி. வயது 46. பதினைந்து பிள்ளை பெற்றவர். வக்கீல் கிடையாது. ஜூரி கிடையாது. ஆரம்பத்தில் உட்கார நாற்காலி கூடக் கிடையாது. உடம்புக்கு முடியாமல் முகம் வாடிப் போன பிறகுதான் உட்காரச் சொன்னார்கள்.

பெயர் ஆன் ஹட்சின்சன். செய்த குற்றம்? அதைத்தான் அவரும் கேட்டுக்கொண்டே இருந்தார்!

கப்பலேறி வந்தவர்கள்

அப்போது மாசசூசெட்ஸ் காலனிக்கு வயது ஏழு. அதை நிறுவியவர்கள் ப்யூரிட்டன்கள். இங்கிலாந்து திருச்சபையில் சடங்கும் ஆடம்பரமும் மலிந்துவிட்டன, அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று குரல் கொடுத்தவர்கள். மன்னர் முதலாம் சார்லஸுக்கும் அவருடைய பிஷப்புகளுக்கும் இவர்களைக் கண்டால் ஆகாது. வாயைத் திறந்த பாதிரியாருக்கு வேலை போயிற்று. சிலர் சிறைக்கும் போனார்கள். 'இந்த சங்காத்தமே வேண்டாம்' என்று 1630-ல் பதினொரு கப்பல்களில் சுமார் 700 பேர் அட்லாண்டிக் கடலைத் தாண்டினார்கள். தலைவர் ஜான் வின்த்ராப். சட்டம் படித்தவர், ஒழுக்கசீலர், தன் சொத்தையெல்லாம் காலனிக்காகக் கரைத்தவர்.

வந்து இறங்கியவர்கள் மற்றவர்களுக்குப் பேச்சுச் சுதந்திரம் கொடுத்தார்களா? அங்கேதான் சங்கதி இருக்கிறது. அவர்கள் கேட்டது தங்களுக்கான சுதந்திரம். சரியான வழியில் (அதாவது அவர்கள் வழியில்) சாமி கும்பிடுகிற சுதந்திரம். வேறு வழியில் கும்பிட நினைப்பவருக்கு வேறு ஊருக்குப் போகிற சுதந்திரம் தாராளமாக உண்டு! 1635-ல் ரோஜர் வில்லியம்ஸ் என்கிற பாதிரியார், 'அரசாங்கத்துக்கு மனிதனின் மனசாட்சியில் தலையிட உரிமை இல்லை' என்று சொன்னார். அவரையும் நாடு கடத்தத் தீர்ப்பாயிற்று. 1636 ஜனவரிப் பனியில் அவர் ஊரை விட்டு வெளியேறினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்தே ஆக வேண்டும், சட்டம். ஓட்டுப் போட வேண்டுமானால் சர்ச்சில் உறுப்பினராக இருக்க வேண்டும். உறுப்பினராக வேண்டுமானால், 'என்னைக் கடவுள் ஏற்றுக்கொண்டார்' என்பதைச் சபைக்கு நம்புகிற மாதிரி எடுத்துச் சொல்ல வேண்டும். ஆக, பக்தி என்பது அங்கே ரேஷன் கார்டு மாதிரி. அது இல்லாமல் எதுவும் நகராது.

பெண்களுக்கு? சர்ச்சில் சேரலாம். உட்காரலாம். கேட்கலாம். ஓட்டு கிடையாது, பிரசங்கம் செய்யக் கூடாது. சந்தேகம் வந்தால் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிரசவ வீட்டுப் பேச்சு

இந்த ஊருக்குத்தான் 1634-ல் ஆன் ஹட்சின்சன் வந்து சேர்ந்தார். கணவர் வில்லியம், துணி வியாபாரி. நல்ல வசதி. பிள்ளைகுட்டிகளோடு 'கிரிஃபின்' என்கிற கப்பலில் வந்தார்கள். வந்ததற்கு முக்கியக் காரணம் ஜான் காட்டன் என்ற பாதிரியார். இங்கிலாந்தில் இவர் பிரசங்கத்தைக் கேட்க ஆன் இருபது மைலுக்கு மேல் பயணம் போவாராம். காட்டன் 1633-ல் பாஸ்டனுக்குப் போய்விட, அடுத்த வருஷம் ஹட்சின்சன் குடும்பமும் பெட்டி படுக்கையைக் கட்டிவிட்டது.

எதிர்த்துப் பேசுகிற குணம் ஆனுக்கு அப்பா வழி வந்தது. அப்பா ஃபிரான்சிஸ் மார்பரியும் ஒரு மதகுரு. 'படிக்காத ஆட்களையெல்லாம் பாதிரியார் ஆக்குகிறீர்களே' என்று பிஷப்பையே நேருக்கு நேர் கேட்டு, 1578-ல் விசாரணைக் கூண்டில் நின்று, சிறைக்கும் போனவர். அந்த விசாரணையை நினைவிலிருந்து கேள்வி பதிலாக எழுதியும் வைத்தார். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத மகள், வீட்டிலேயே பைபிளைக் கரைத்துக் குடித்தாள்.

பாஸ்டனில் ஆன் மருத்துவச்சி வேலை பார்த்தார். பிரசவம் என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடிவிடுவார்கள். வலி வருகிற வரை என்ன செய்வது? பேச்சுதான். ஆனின் பேச்சு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைப் பற்றிப் போயிற்று. 'பாதிரியார் சொன்னாரே, அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா?' என்று அவர் விளக்க, பெண்களுக்குப் பிடித்துப் போயிற்று. வாரா வாரம் அவர் வீட்டிலேயே கூட்டம் தொடங்கியது. ஐந்து, பத்து என்று ஆரம்பித்தது, அறுபதைத் தாண்டியது. அப்புறம் ஆண்களும் வர ஆரம்பித்தார்கள். 1636-ல் கவர்னரான ஹென்ரி வேன், இருபத்து மூன்று வயது இளைஞர், அவரும் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்.

ஹட்சின்சன் வீடு இருந்தது எங்கே தெரியுமோ? ஜான் வின்த்ராப் வீட்டுக்கு நேர் எதிரே! தினம் ஜன்னலைத் திறந்தால் கூட்டம். மனுஷனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

ரிஜிஸ்டரும் பக்தியும்

சரி, ஆன் அப்படி என்னதான் சொன்னார்?

ப்யூரிட்டன்கள் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு: மோட்சம் என்பது கடவுளாகப் பார்த்துத் தருவது, நாம் சம்பாதிப்பது இல்லை. யாருக்குத் தந்தார் என்று கண்டுபிடிப்பது எப்படி? 'ஒழுக்கமாக இருக்கிறானா பார். அதுதான் அத்தாட்சி' என்றார்கள் பெரும்பாலான பாதிரியார்கள். 'இல்லை, ஒழுக்கம் வெளிவேஷமாகவும் இருக்கலாம். உள்ளுக்குள் ஆவியானவர் தருகிற நிச்சயம்தான் அத்தாட்சி' என்றார் ஆன்.

நம் பாஷையில் சொன்னால்... சரியாகப் பத்து மணிக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறவர் எல்லாம் வேலை பார்க்கிறவரா என்ன? கையெழுத்தை மேனேஜர் பார்க்கலாம். மனசை யார் பார்ப்பது?

கேட்பதற்குச் சாதாரண விஷயம் மாதிரி இருக்கிறது. ஆனால் ரிஜிஸ்டர் செல்லாது என்றால், அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு என்ன மரியாதை? யாருக்கு ஓட்டு, யாருக்குப் பதவி என்பதெல்லாம் அந்த 'அத்தாட்சி'யை நம்பித்தானே நடக்கிறது? கடவுள் ஒரு பெண்ணின் மனசோடு நேரடியாகப் பேசுவார் என்றால் நடுவில் பாதிரியார் எதற்கு, மாஜிஸ்ட்ரேட் எதற்கு?

போதாததற்கு, 'காட்டனும் என் நாத்தனார் புருஷர் வீல்ரைட்டும் தவிர மற்ற பாதிரியார்கள் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை' என்று ஆன் சொன்னதாகப் பேச்சு கிளம்பியது. அவ்வளவுதான், ஊர் இரண்டாகிவிட்டது. 1637 ஜனவரியில் வீல்ரைட் செய்த காரமான பிரசங்கம் ராஜத்துரோகம் என்று தீர்ப்பாயிற்று. அதை எதிர்த்துப் பலர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அதே வருஷம் பீக்வாட் பழங்குடிகளோடு சண்டை. படையோடு வரும் பாதிரியார் சரியில்லை என்று பாஸ்டன்காரர்கள் சண்டைக்குப் போகவே முரண்டு பிடித்தார்கள்!

வின்த்ராப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏழு வயதுக் காலனி. ஒரு பக்கம் சண்டை. இன்னொரு பக்கம் லண்டனில் காலனியின் சாசனத்தையே பிடுங்க ஏற்பாடு நடக்கிறது. வீட்டுக்குள்ளேயே சண்டை என்றால் எல்லாம் போச்சு என்று அவர் பயந்தது நிஜம். 1637 மே மாதத் தேர்தலில் வேனைத் தோற்கடித்துத் திரும்பவும் கவர்னரானார். வேன் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். வீல்ரைட்டை நாடு கடத்தினார்கள். மிச்சம் இருந்தது ஒருவர்தான்.

முதல் நாள்: கோர்ட்டுக்கே பாடமா?

வின்த்ராப் ஆரம்பித்தார். நாட்டின் அமைதியைக் கெடுத்தீர்கள், பாதிரியார்களை மட்டம் தட்டினீர்கள், பெண்ணுக்கு அடுக்காத முறையில் வீட்டில் கூட்டம் போட்டீர்கள் என்று நீளமாக வாசித்தார்.

ஆன் நிதானமாகக் கேட்டார்: பதில் சொல்ல என்னை இங்கே கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் என் மேல் குற்றம் எதுவும் காதில் விழவில்லையே?

சொன்னேனே, இன்னமும் சொல்வேன் என்றார் வின்த்ராப்.

ஒன்றையாவது சொல்லுங்கள், ஐயா என்றார் ஆன்.

கவர்னர் கொஞ்சம் திணறித்தான் போனார். வீல்ரைட்டுக்காக மனுப் போட்ட கூட்டத்துக்கு ஆதரவாக இருந்தீர்கள் என்றார். ஆனால் மனுவில் ஆனின் கையெழுத்து கிடையாது. பெண்ணின் கையெழுத்துக்கு அங்கே மதிப்பு இருந்தால்தானே போடுவதற்கு! பெண் என்பதாலேயே அந்தக் குற்றத்திலிருந்து தப்பினார் அம்மணி. அது என் மனசாட்சி சம்பந்தப்பட்டது என்று ஆன் சொல்ல, உங்கள் மனசாட்சியை நீங்கள் அடக்கி வைக்காவிட்டால் நாங்கள் உங்களுக்காக அடக்கி வைக்க வேண்டியிருக்கும் என்றார் வின்த்ராப். அந்தக் காலனியின் மொத்த அரசியலும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

அடுத்து, வீட்டுக் கூட்டம். எந்த வேத விதிப்படி நடத்தினீர்கள்? ஆன் தயாராக இருந்தார். மூத்த பெண்கள் இளம் பெண்களுக்குப் போதிக்க வேண்டும் என்று பவுல் தீத்துவுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறதே என்றார். தவிர, நான் வருவதற்கு முன்பே இங்கே இப்படிக் கூட்டங்கள் நடந்தன. நான் போகாமல் இருந்ததற்குத் தலைக்கனம் பிடித்தவள் என்றார்கள், அதனால்தான் நானே நடத்த ஆரம்பித்தேன் என்றார். போகாவிட்டாலும் குற்றம், நடத்தினாலும் குற்றம்!

வின்த்ராப் விடவில்லை. அது போதாது, இன்னும் விளக்குங்கள் என்று நெருக்கினார். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. பெண்களுக்கே நான் போதிக்கக் கூடாது என்கிறீர்கள், அப்புறம் கோர்ட்டுக்குப் போதிக்க என்னை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்?

நாற்பது பேருக்கும் முகத்தில் ஈயாடியிருக்காது. நாங்கள்தான் உங்களுக்கு நீதிபதி, நீங்கள் எங்களுக்கு நீதிபதி இல்லை என்றார் வின்த்ராப். வாதம் தீர்ந்து போனால் பதவியைக் காட்டுவது. அதற்கு நானூறு வருஷப் பழக்கம் இருக்கிறது!

இரண்டாம் நாள்: வார்த்தை தவறியதா?

முதல் நாள் சாயங்காலம் பாதிரியார்கள் சாட்சி சொன்னார்கள். முந்தின வருஷம் எங்களோடு தனியாகப் பேசியபோது எங்களைக் குறை சொன்னார் என்று. ராத்திரி ஆன், அந்தச் சந்திப்பைப் பற்றிய குறிப்பைப் படித்துப் பார்த்தார். மறுநாள் காலை முதல் வேலையாக, பாதிரியார்கள் சொல்வதற்கும் குறிப்புக்கும் பொருந்தவில்லை, அவர்கள் சத்தியம் செய்து சாட்சி சொல்லட்டும் என்றார்.

சபையில் சலசலப்பு. சத்தியம் செய்துவிட்டுத் தப்பாகச் சொன்னால் கடவுளின் பெயருக்கே களங்கம். பாதிரியார்கள் தயங்கினார்கள். ஜான் காட்டனைக் கூப்பிட்டார்கள். அவரோ, ஆன் அப்படிச் சொன்னதாகத் தனக்கு நினைவில்லை என்கிற மாதிரி சொல்லிவிட்டார். கேஸ் ஏறக்குறைய ஊத்திக்கொண்டது.

அந்த நேரத்தில் ஆன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தன் மனசுக்குள் கடவுளின் ஆவி நேரடியாக உணர்த்தியது, இங்கே தனக்குத் துன்பம் வரும் என்பதும் முன்பே உணர்த்தப்பட்டது, தன்னைத் தண்டித்தால் உங்களுக்கும் உங்கள் சந்ததிக்கும் கேடு வரும் என்று அவராகவே பேசினார். களைப்பா, கோபமா, இல்லை இனி மறைப்பதற்கு எதுவும் இல்லை என்கிற துணிச்சலா? சரித்திரக்காரர்கள் இன்னமும் அலசிக்கொண்டிருக்கிறார்கள். வின்த்ராப்புக்கு அலச அவசியமே இல்லை. பைபிள் காலத்தோடு முடிந்து போன தெய்வ வாக்கு ஒரு மருத்துவச்சிக்குக் கிடைக்கிறதாமே! பாலில் விழுந்த பழம் மாதிரி கேஸ் கைக்கு வந்துவிட்டது.

வில்லியம் காடிங்டன் என்கிற பணக்கார வியாபாரி எழுந்தார். கடவுளின் சட்டத்தையோ நாட்டின் சட்டத்தையோ இவர் மீறியதாக எனக்குத் தெரியவில்லை என்றார். அவரும் இன்னொருவரும் எதிர்த்தார்கள். ஒருவர் ஓட்டுப் போடவில்லை. மற்ற எல்லாக் கையும் உயர்ந்தன. நம் சமூகத்துக்குப் பொருந்தாத பெண், நாடு கடத்தப்படுகிறார் என்று தீர்ப்பு.

எதற்காக என்று தெரிந்துகொள்ளலாமா என்று ஆன் கடைசியாகக் கேட்டார்.

மேலே பேச வேண்டாம், கோர்ட்டுக்குக் காரணம் தெரியும், கோர்ட்டுக்குத் திருப்தி என்றார் வின்த்ராப்.

அவ்வளவுதான். ஃபைல் குளோஸ்!

கைகோத்து வெளிநடப்பு

அதே மாதம் ஆனின் ஆதரவாளர்கள் 75 பேரின் துப்பாக்கி, வாள்களையெல்லாம் பறிமுதல் செய்தார்கள். குளிர்காலம் முழுக்க ஆனை இன்னொரு ஊரில், ஒரு பாதிரியாரின் சகோதரர் வீட்டில் காவலில் வைத்தார்கள். 1638 மார்ச்சில் பாஸ்டன் சர்ச்சில் இரண்டாவது விசாரணை.

அங்கேதான் நிஜக் குற்றச்சாட்டு வெளியே வந்தது. ஹ்யூ பீட்டர் என்ற பாதிரியார் போட்டு உடைத்தார். மனைவியாக இல்லாமல் கணவனாக நடந்துகொண்டீர்கள், கேட்பவராக இல்லாமல் பிரசங்கியாக நடந்துகொண்டீர்கள், குடிமகளாக இல்லாமல் மாஜிஸ்ட்ரேட்டாக நடந்துகொண்டீர்கள் என்றார். அதாவது, சொன்னது தப்பு என்பதை விட, சொன்ன இடம் தப்பு.

எந்தக் காட்டனுக்காகக் கடல் தாண்டி வந்தாரோ அந்தக் காட்டனும் மாறிவிட்டார். கணவருக்கு நீங்கள் துரோகம் செய்ததாக நான் கேள்விப்படவில்லை, ஆனால் உங்கள் கொள்கை அங்கேதான் கொண்டுபோய் விடும் என்றார். வாதத்தில் பெண்ணை ஜெயிக்க முடியவில்லையென்றால் நடத்தையைத் தொடுவது. இதற்கு ஊரும் கிடையாது, காலமும் கிடையாது.

சர்ச்சிலிருந்து விலக்கித் தீர்ப்பு வாசித்தார்கள். ஆன் எழுந்து வாசலை நோக்கி நடந்தார். நிசப்தம். அப்போது கூட்டத்திலிருந்து ஓர் இளம் பெண் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வெளியேறினார். பெயர் மேரி டையர். அவரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்.

ஆன் குடும்பம் தெற்கே ரோட் தீவுப் பக்கம் போய்க் குடியேறியது. ரோஜர் வில்லியம்ஸ் அந்தப் பக்கம்தான் இருந்தார். 1640-ல் பாஸ்டன் சர்ச்சிலிருந்து ஒரு தூதுக் கோஷ்டி அங்கே போயிற்று. கணவர் வில்லியமிடம் பேசிப் பார்த்தார்கள். சர்ச்சோடு இருப்பதை விட என் மனைவியோடுதான் எனக்குப் பந்தம் நெருக்கம், அவள் கடவுளுக்குப் பிரியமானவள் என்றார் அவர். வின்த்ராப் தன் குறிப்பில் இவரை, மனைவி பேச்சை மட்டுமே கேட்கிற பலவீனமான ஆசாமி என்று எழுதியிருக்கிறார். நம்மூர் பாஷையில் 'பெண்டாட்டிதாசன்'. இருக்கட்டுமே! மொத்தக் காலனியும் எதிர்த்து நின்றபோது நகராமல் நின்றவர் பலவீனமானவர் என்றால், பலசாலி யார்?

வில்லியம் இறந்த பிறகு, பாஸ்டன் இங்கேயும் கை நீட்டும் என்ற பயத்தில் 1642-ல் ஆன் டச்சுக்காரர்கள் ஆண்ட பகுதிக்குப் போனார். இன்றைய நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. 1643 பிப்ரவரியில் டச்சு கவர்னர் கீஃப்ட்டின் படை பழங்குடி மக்களைக் கொன்று குவித்தது. பதிலடி அந்தக் கோடையில் வந்தது. யாரோ செய்ததற்கு ஆனும் உடனிருந்த பிள்ளைகளும் பலியானார்கள். தப்பியவள் சூசன்னா என்கிற சின்னப் பெண் மட்டும். பழங்குடிகளிடம் சில வருஷங்கள் வளர்ந்து பிறகு மீட்கப்பட்டாள். செய்தி பாஸ்டனுக்கு வந்தபோது, கடவுள் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று பாதிரியார்கள் சந்தோஷப்பட்டார்கள்.

கூலித் தகராறில் ஒரு குற்றம்

'அம்மணி மதத்தில் தலையிட்டார், அதனால் வந்தது வினை' என்பீர்கள். ஆன் ஹிபின்ஸ் கதையைக் கேளுங்கள். பாஸ்டனில் ஒரு மாஜிஸ்ட்ரேட்டின் மனைவி. வீட்டில் மர வேலை செய்த தச்சர்கள் கூலி அதிகமாக வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தார். நாலு பேரிடம் விலை விசாரித்தார், சண்டை போட்டார். இதற்கு சர்ச் விசாரணை! புருஷன் இருக்கும்போது நீ எப்படிப் பேசலாம் என்று கேட்டு 1641-ல் சர்ச்சை விட்டே விலக்கினார்கள். கணவர் 1654-ல் இறந்தார். பாதுகாப்புப் போயிற்று. 1656-ல் சூனியக்காரி என்று தூக்கில் போட்டுவிட்டார்கள். சேலம் நகரச் சூனிய வழக்குகளுக்கு முப்பத்தாறு வருஷம் முன்னால்.

மேரி டையர்? இங்கிலாந்து போய் குவேக்கர் மதப் பிரிவில் சேர்ந்து திரும்பினார். குவேக்கர்களில் பெண்களும் பிரசங்கம் செய்யலாம். திரும்பி வரும் குவேக்கருக்கு மரண தண்டனை என்று 1658-ல் மாசசூசெட்ஸ் சட்டம் போட்டிருந்தது. 1659 அக்டோபரில், கூட வந்த இருவரைத் தூக்கில் போட்டுவிட்டு, கழுத்தில் கயிறு மாட்டியிருந்த மேரியை மட்டும் இறக்கி ஊருக்கு அனுப்பினார்கள். 1660-ல் திரும்பவும் வந்தார். அந்தச் சட்டத்தை எதிர்ப்பதற்கென்றே வந்தார். ஜூன் 1-ம் தேதி தூக்கிலிட்டார்கள். அடுத்த வருஷம் மன்னர் இரண்டாம் சார்லஸ் தலையிட்ட பிறகுதான் குவேக்கர்களைத் தூக்கிலிடுவது நின்றது. வேடிக்கையைப் பாருங்கள்: மன்னரின் கொடுமை தாங்காமல் ஓடி வந்தவர்களின் கொடுமையை நிறுத்த, மன்னர் வர வேண்டியிருந்தது!

ஆன் ஹட்சின்சன் கைப்பட எழுதிய ஒரு வரி கூட இன்று கிடையாது. அவர் பேசியது நமக்குத் தெரிவது, எதிராளிகள் எழுதி வைத்ததால்தான். விசாரணைக் குறிப்பு ஒன்றை 1767-ல் அச்சில் ஏற்றியவர் தாமஸ் ஹட்சின்சன். ஆனின் கொள்ளுப்பேரனுக்கு மகன். பின்னாளில் அதே மாசசூசெட்ஸுக்கு, வின்த்ராப் உட்கார்ந்த அதே கவர்னர் பதவிக்கு வந்தவர்!

ரோட் தீவுக்கு 1663-ல் கிடைத்த சாசனம், மத விஷயத்தில் மாறுபட்டு நினைப்பதற்காக யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்றது. 1791-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், பேச்சுரிமையையும் மத உரிமையையும் ஒரே மூச்சில் சொன்னது. அமெரிக்கா முழுக்கப் பெண்களுக்கு ஓட்டு வர 1920 ஆயிற்று.

பாஸ்டனில் சட்டசபைக் கட்டடத்தின் முன்னால் 1922-ல் செய்த ஆன் சிலை இருக்கிறது. ஒரு கையில் பைபிள், பக்கத்தில் சின்னப் பெண் ஒருத்தி. மேரி டையருக்கும் அங்கேயே சிலை உண்டு. 1987-ல், அதாவது சரியாக 350 வருஷம் கழித்து, கவர்னர் மைக்கேல் டுகாகிஸ் ஆன் ஹட்சின்சனுக்கு மன்னிப்பு வழங்கினார்.

மன்னிப்பு சரி. ஆனால் எந்தக் குற்றத்துக்கு?

அம்மணி அன்றைக்கே கேட்டார். இன்னமும் யாரும் பதில் சொன்னபாடில்லை.